மூன்றாவது கொய்யா மரம்

கிள்ளான்
13.5.1979

தம்பி யோகநாதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆறு வருடம் கழித்து என்ன கடிதம் என்று கிழித்துப் போட்டுவிடாதே. நம் சண்டையைப் பற்றி எழுதப்போவதில்லை. உன் வானொலி நாடகத்தைப் பற்றித்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உன் அத்தான் வானொலியைத் திறந்தவர், "இராசேஸ், ஓடி வா, யோகன்ர பேர் சொல்றாங்கள்" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து ஆறு வாரமாகக் கேட்கிறோம். அத்தான் பாதியில் தூங்கிவிட்டுப் பிறகு என்னிடம் கதை கேட்பார். 1943-ல் கொழும்பில் எதிரியின் இரகசியச் செய்திகளை உடைக்கும் ஓர் ஆபீஸ், அங்கே பூமணி என்றொரு பெண், அவள் கருவியில் 2043-லிருந்து வந்து விழும் செய்திகள். அத்தானுக்கு நூறு வருடம் தாண்டி ஒரு செய்தி எப்படி வரும் என்பதுதான் சந்தேகம். எனக்கு அதில் சந்தேகமில்லை. கதை என்றால் வரட்டும்.

ஆனால் நேற்று பூமணி செய்தியை உடைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, "உடைச்சிட்டேன்! உடைச்சிட்டேன்!" என்று கத்தினாளே, அது தவறு. அந்த மாதிரி ஆபீஸில் யாரும் கத்தமாட்டார்கள். துண்டுச் சீட்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டு, "டீ வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். இன்னொன்று, மின்விசிறி சுழலும் சத்தம் வைத்திருக்கிறாய். விசிறி போட்டால் சீட்டெல்லாம் பறக்கும். விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து ஒழுகிக்கொண்டு வேலை செய்வார்கள். பூமணி கொண்டை போட்டிருப்பதாகவும் ஒருவன் சொல்கிறான். கொண்டை போட்டால் காதுக் கருவி தலையில் உட்காராது. எல்லோரும் ஒற்றைப் பின்னல்தான்.

இதையெல்லாம் தெரிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருத்துவதும் விடுவதும் உன் இஷ்டம்.

இராசேஸ்வரி

பி.கு.: பதில் போடுவதானால் கடிதமாகவே போடு. டெலிபோன் செய்யாதே. உன் குரல் கேட்டால் எனக்குச் சண்டை வந்துவிடும்.

*

பிரிக்பீல்ட்ஸ்
17.5.1979

அன்புள்ள அக்கா,

உங்கள் மச்சாள் மார்க்கிரட் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நான் வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள், "உங்கட அக்காட கையெழுத்து" என்றாள். நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்காகவாவது எழுதினீர்களே, அது போதும்.

மூன்று தவறுகளையும் ஒப்புக்கொள்கிறேன். கத்துவதை எடுத்துவிட்டேன். தயாரிப்பாளர் ராதாகிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கத்தாம எப்படி சார் நேயருக்கு வெற்றி தெரியும்?" என்று கேட்டார். "டீ கேட்கட்டும் சார்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் நேற்று ஒலிப்பதிவில், பூமணியாக நடிக்கும் தனலெட்சுமி மெதுவாக, "டீ வந்திருச்சா?" என்று கேட்டபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பகலெல்லாம் சேலை விரித்துக் காட்டிவிட்டு பஸ் பிடித்து அங்காசாபுரி வானொலி நிலையத்துக்கு வந்து எதிர்காலத்தோடு பேசுகிறாள். "அண்ணே, யாரு உங்களுக்கு இத சொன்னது? ரொம்ப கரெக்டா இருக்கு லா" என்றாள். என் அக்கா என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2043-ன் சத்தம் எப்படிச் செய்கிறோம் தெரியுமா? மார்க்கிரட்டின் தையல் மிஷினை மெதுவாகச் சுற்றி, காலி மைலோ டின்னுக்குள் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்கிறோம். அத்தானிடம் சொல்லாதீர்கள். அவர் நம்பிக்கை போய்விடும்.

ஒன்று கேட்கலாமா? தெரிந்தவர் ஒருவர் என்கிறீர்கள். ஒற்றைப் பின்னல்வரைக்கும் தெரிந்த அந்த ஆள் யார்? போர்க் காலத்தில் நீங்கள் கொழும்பில் ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்ட் என்றுதானே சொன்னீர்கள்?

ஏன் நாடகத்தைக் கொழும்பில் வைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கொழும்பு என்றால் நீங்கள் வானொலியை மூடமாட்டீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

உங்கள் தம்பி
யோகநாதன்

*

கிள்ளான்
20.5.1979

தம்பிக்கு,

நேற்றைய பாகம் கேட்டேன். டீ கேட்ட இடத்தில் அத்தான் விழித்தே இருந்தார். "இந்தப் பிள்ளை நல்லாப் பேசுது" என்றார். விசிறிச் சத்தம் போய்விட்டது. சந்தோஷம்.

அந்தத் தெரிந்தவரை விடு. பெயர் சொல்ல எனக்கு அனுமதியில்லை.

நாளை மூழ்கப்போகும் கப்பலின் பெயரை எதிர்காலம் சொல்கிறது, அதிகாரிகள் நம்புவதா வேண்டாமா என்று அடித்துக்கொள்கிறார்கள். அது சரியாக இருக்கிறது. அவர்கள் எதையும் நம்பமாட்டார்கள். நம்பாமல் இருப்பதுதான் அவர்கள் வேலை. ஆனால் பூமணி அழுதுகொண்டே வாதாடுகிறாள். வேண்டாம். அங்கே அழுதால், "மிஸ், நீங்கள் களைத்துவிட்டீர்கள்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.

கொழும்பில் வைத்ததற்கான காரணத்தைப் படித்தேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன்.

சண்டையைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன். ஆனால் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி எழுதுவதும் எனக்குப் பொய் மாதிரி இருக்கிறது. அதனால் ஒரே ஒரு முறை. 73-ல் அப்பாவின் திவசத்தன்று, உன் வீட்டில், ஐயரும் சொந்தக்காரர்களும் இருக்கும்போது, "இந்தத் திதியே பொய்" என்று நான் சொன்னது முறையில்லை. இடமும் நேரமும் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கமாட்டேன். அப்பா 1943 ஆவணியில் இறக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் அவர் உயிரோடு இருந்தார். எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அப்பாவோடு இருந்தவன் நீ ஒருவன்தான். நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய் என்று முப்பத்து மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் என் கோபம். வேறொன்றுமில்லை.

இராசேஸ்வரி

*

பிரிக்பீல்ட்ஸ்
23.5.1979

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 41-ல் அம்மா உங்களைப் படிக்க வைக்க யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனார். நானும் அப்பாவும் இங்கே மலாயாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். டிசம்பரில் யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. 43 ஜூனில், தந்தி தெரிந்த ரயில்வே ஆபீஸ் கிராணிகள் வேண்டும் என்று ஜப்பான்காரன் அப்பாவைச் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு அனுப்பினான். நான் ஸ்டேஷனில் நின்றேன். "மூணு மாசம்தான்" என்றார். அக்டோபரில், ரயிலில் கார்டாக வேலை பார்த்த வல்லிபுரம் மாமா நம் வீட்டுக்கு வந்தார். அவர் சயாம்வரை ரயிலோடு போய்வருபவர். உட்காரவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். "வாந்திபேதி, தம்பி. ஆவணி வளர்பிறை அட்டமி. நான் பக்கத்திலதான் இருந்தனான்" என்றார்.

வல்லிபுரம் மாமா பொய் சொல்லும் ஆளில்லை. அந்தக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. நவம்பரில் உயிரோடு இருந்தார் என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கனவா? சாத்திரம் பார்த்தீர்களா? நான் எதையோ மறைக்கிறேன் என்கிறீர்கள். அக்கா, நீங்களும் ஏதோ மறைக்கிறீர்கள். அனுமதியில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

இனி நாடகம். பதின்மூன்று பாகம்தான் என்று ராதாகிருஷ்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் 30-ல் கடைசி. 2043-லிருந்து செய்தி அனுப்புகிறவர் யார் என்பதை அதில் சொல்லியாக வேண்டும். ஒரு வயதான விஞ்ஞானி என்று வைத்திருந்தேன். எழுதினால் மரக்கட்டை மாதிரி பேசுகிறார். உங்கள் யோசனை என்ன?

யோகன்

*

கிள்ளான்
29.5.1979

அன்புத் தம்பி யோகன்,

நான் டைப்பிஸ்ட் இல்லை.

1943 பிப்ரவரியில், கொழும்பு மாமா ஒரு வேலை இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பத்தொன்பது வயது. பெரிய தோட்டத்து நடுவில் ஒரு பங்களா. உள்ளே போனதும் ஒரு வெள்ளைக்காரர் காகிதம் நீட்டினார். இங்கே பார்ப்பதையும் கேட்பதையும் சாகும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினார். நான் அதை மதித்தேன். அத்தானுக்குக்கூடப் போன வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். வானொலியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பூமணி நீதானா?" என்று கேட்டார்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், இங்கிலாந்திலேயே அந்தக் காலத்து இரகசியங்கள் புத்தகமாக வந்துவிட்டனவாம். அத்தான் வாங்கிவந்த பத்திரிகையில் போட்டிருந்தது. அவர்களே சொன்ன பிறகு, கிள்ளானில் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரம்மா வாயை மூடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அதைவிட, நீ கேட்ட கேள்விக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

பங்களாவின் ஒரு பாதியில் நாங்கள். எதிரியின் கையிலிருந்த ஊர்களின் வானொலியைக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை எழுதவேண்டும். தமிழ் எனக்கு. மறு பாதியில் சங்கேதம் உடைக்கிறவர்கள். நாங்கள் எழுதியதில் ஏதாவது விநோதமாக இருந்தால் அவர்களிடம் போகும். சிங்கப்பூருக்கு அப்போது ஷோனான் என்று பேர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து வாரம் ஒரு நாள், மலாயாத் தமிழர்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள உறவினருக்குக் கொடுத்த சேதிகளை வாசிப்பார்கள். "நாங்கள் சுகம், ஆயிஷாவுக்குப் பிள்ளை பிறந்தது" இந்த மாதிரி.

நவம்பர் 19, வெள்ளிக்கிழமை, பகல் மூன்றரை மணி. அறிவிப்பாளர் வாசிக்கிறார், என் பென்சில் எழுதுகிறது:

"யாழ்ப்பாணம் அன்னபூரணத்துக்கும் மகள் இராசேஸ்வரிக்கும். நானும் தம்பியும் சுகம். பின் வேலியில் ஆடு இன்னும் வருகிறது. மூன்றாவது கொய்யா மரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது. கவலை வேண்டாம். கந்தையா."

என் பெயரை நானே எழுதி முடித்த பிறகுதான் அது என் பெயர் என்று தெரிந்தது.

சீட்டை மேலே கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள். ஆடு என்றால் கப்பலா? பின் வேலி என்றால் எந்தத் துறைமுகம்? "இது சங்கேதம் இல்லை, என் அப்பா" என்றேன். "உங்கள் வீட்டில் எத்தனை கொய்யா மரம்?" என்று கேட்டார்கள். "இரண்டு" என்றேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யோகன், அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது கொய்யா அப்பா வருடா வருடம் நடப்போவதாகச் சொல்லி நடாமலே விட்ட மரம் என்பதை அந்த வெள்ளைக்காரர்களுக்கு நான் எப்படி விளக்குவேன்? இல்லாத மரத்துக்கு அவர் உரம் போட்டதாகச் சொல்வார், நாம் இருவரும் காய் பறித்துத் தின்றதாகச் சொல்வோம் என்று எப்படிச் சொல்வேன்? கையைக் கட்டிக்கொண்டு, "இது சங்கேதம் இல்லை, என் அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்று நாள் எனக்கு வேலை கொடுக்காமல் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். கணக்குப் படித்தவர்கள் ஐந்து பேர் அந்த ஆட்டையும் கொய்யாவையும் மூன்று நாள் உடைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் தலைமை அதிகாரி வந்து, "மிஸ் கந்தையா, உங்கள் தந்தை நகைச்சுவையான மனிதர் என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்" என்றார்.

அந்தச் சேதியை எழுதும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். ஆவணியில் செத்தவர் நவம்பரில் எப்படி எழுதுவார்? இப்போது நீ சொல்.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
1.6.1979

அக்கா,

கடிதம் கிடைத்தது. என்னால் உடனே எழுத முடியவில்லை. நாலைந்து நாள் பொறுங்கள்.

யோகன்

*

பிரிக்பீல்ட்ஸ்
6.6.1979

அன்புள்ள அக்கா,

அதை எழுதியது நான்.

இந்த ஒரு வரியை எழுத ஐந்து நாள் ஆயிற்று. மற்றது சுலபமாக வரும் என்று நினைக்கிறேன்.

வல்லிபுரம் மாமா கண்ணாடியை வைத்துவிட்டுப் போன பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்று ஒரு பயம். சொன்னால் உண்மையாகிவிடும் என்று இன்னொரு பயம். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொன்னான், டவுனில் ஒரு ஆபீஸில் நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம் தருகிறார்கள், ஊருக்குச் சேதி எழுதினால் சிங்கப்பூர் வானொலியில் வாசிக்கிறார்கள் என்று. நடந்தே போனேன். மேசையில் இருந்தவர், "குடும்பத் தலைவர்தான் கையெழுத்துப் போடணும் தம்பி. அப்பா எங்க?" என்று கேட்டார். "வேலைக்குப் போயிருக்காங்க. பாரத்தைக் கொடுங்க, வாங்கிட்டு வரேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் மேசையில் உட்கார்ந்தேன். முதலில் உண்மையைத்தான் எழுதினேன். நாலு வார்த்தை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை யாரோ ஒருவன் வானொலியில் வாசிப்பான், அம்மா யாழ்ப்பாணத்தில் யாராவது சொல்லிக் கேட்பார், பக்கத்தில் நான் இருக்கமாட்டேன் என்று தோன்றியது. கிழித்தேன். என் பெயரில் சுகம் என்று எழுதினால், அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அதனால் அப்பாவாக எழுதினேன். நீங்கள் நம்பவேண்டுமே என்று மூன்றாவது கொய்யாவைப் போட்டேன். அது காய்த்தது என்று எழுதும்போது அழுதேன். அப்பாவின் கையெழுத்தை என் பள்ளி ரிப்போர்ட் கார்டைப் பார்த்துப் போட்டேன். அந்த ஆபீஸ்காரர் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அது வாசிக்கப்பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியூர் நிலையங்கள் கேட்காதபடி வீட்டு ரேடியோக்களை எல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள். காற்றில் போயிருக்கும் என்று நினைத்தேன். 46-ல் போர்ட் சுவெட்டன்ஹாமில் நீங்கள் கப்பலிலிருந்து தனியாக இறங்கியதும் கேட்டது "அப்பா எங்கே?" என்றுதான். ஆவணியில் என்று சொன்னேன். நீங்கள் முகம் வெளுத்து, "இல்லை, இருக்காது" என்றீர்கள். துக்கத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என் சேதியைக் கேட்டிருப்பீர்கள், அதுவும் உங்கள் கையாலேயே எழுதியிருப்பீர்கள் என்று நான் எப்படி நினைப்பேன்?

நான் மறைத்தது உண்மைதான். நீங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள். என்ன மறைத்தேன் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை.

உங்களை ஏமாற்ற எழுதவில்லை அக்கா.

யோகன்

*

பிரிக்பீல்ட்ஸ்
16.6.1979

அன்புள்ள அக்கா,

பத்து நாளாகிறது. தினமும் மார்க்கிரட் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறாள். கோபமாக இருந்தால் கோபத்தை எழுதுங்கள். அத்தானையாவது இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

கடைசிப் பாகம் இன்னும் எழுதவில்லை. 22-ல் ஒலிப்பதிவு. ராதாகிருஷ்ணன் இரண்டு முறை ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டார். மனதில் ஒரு முடிவு இருக்கிறது. செய்தி அனுப்புகிறவன் விஞ்ஞானி இல்லை, பூமணியின் தம்பி என்று வைக்கலாமா? உங்களைக் கேட்காமல் எழுதமாட்டேன்.

யோகன்

*

கிள்ளான்
19.6.1979

யோகன்,

முதலில் வேலை விஷயம், ஒலிப்பதிவுக்கு முன் இது உனக்குக் கிடைக்கவேண்டும். எழுதாதே. பூமணியை அவள் விஞ்ஞானியோடு விட்டுவிடு. அவர் மரக்கட்டை மாதிரிப் பேசினால் பேச்சைக் குறைத்துவிடு. நம்முடையது நமக்கு. அதைத் தையல் மிஷின் சத்தத்தோடு சனிக்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் கேட்கவேண்டாம்.

இனி மற்றது. கோபம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன். உன் கடிதம் வந்த அன்று அத்தானுக்குச் சோறு போட மறந்துவிட்டேன். அவரே போட்டுச் சாப்பிட்டார். ஆவணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் மூன்று மாதம் அப்பா உயிரோடு இருந்தார் என்று இத்தனை வருடம் வைத்திருந்தேன். அந்த மூன்று மாதத்தை நீ ஒரு வரியில் எடுத்துக்கொண்டாய். அன்றுதான் அப்பா இறந்த மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து, "ஏன் அக்கா, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமா, எங்கட அப்பா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அம்மாவை நினைத்தேன். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் ஒரே ஒரு முறை அதை மீறினேன். அந்த டிசம்பரில் லீவு எடுத்து யாழ்ப்பாணம் போனேன். அம்மா எலும்பும் தோலுமாக இருந்தாள். அடுப்படியில் அவள் காதுக்குள் உன் சேதியைச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. "மூன்றாவது கொய்யாவா?" என்றாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றரை வருடம் இருந்தாள். 45-ல் காய்ச்சலில் போகும்போது நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. ஊர்ப் பெண்கள் மஞ்சள் பூசி, பூ வைத்து, சுமங்கலி என்று கும்பிட்டு அனுப்பினார்கள். நான்தான் கூறைச்சேலை உடுத்திவிட்டேன். அதை நினைத்தால், நீ செய்தது பாவமா புண்ணியமா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயரைக் கேட்கலாமா என்று அத்தானிடம் சொன்னேன். "ஐயரை விடு. அவ சாப்பிட்டாளா இல்லையா?" என்றார். சாப்பிட்டாள். உன்னால்தான் சாப்பிட்டாள்.

நேற்று வேறொன்று தோன்றியது. அதற்குப் பிறகு கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் இத்தனை வருடம் அந்தச் சேதியில் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நானும் தம்பியும் சுகம்" என்று இருந்தது. தம்பி சுகமா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அப்பாவோடு இருக்கிறான், அவனுக்கென்ன என்று நினைத்தேன். 46-ல் வந்து இறங்கியபோதும் அப்பாவைத்தான் கேட்டேன். நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். சட்டை தோளில் கிழிந்திருந்தது. அதையும் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். பதினைந்து வயதில், அப்பா இல்லாமல், நாங்களும் இல்லாமல், நீ யார் வீட்டில் சாப்பிட்டாய்?

30-ம் தேதி மத்தியான ரயிலில் நானும் அத்தானும் வருகிறோம். கடைசிப் பாகத்தை உன் வீட்டில் கேட்போம். ஆகஸ்ட் 30 வியாழன், ஆவணி வளர்பிறை அட்டமி. பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன். அதற்கும் வருவேன். சமையல் நான்தான். மார்க்கிரட்டிடம் சொல்லிவை.

அக்கா

*

பிரிக்பீல்ட்ஸ்
25.6.1979

அன்புள்ள அக்கா,

கடைசிப் பாகத்தில் விஞ்ஞானியே செய்தி அனுப்பினார். பேச்சைக் குறைத்ததும் நன்றாகிவிட்டார். தனலெட்சுமிக்கு மட்டும் திருப்தியில்லை. "அவரு ஏன் அண்ணே இவளுக்கு மட்டும் அனுப்புறாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

உங்கள் கேள்வியை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. மார்க்கிரட்கூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

பவுனம்மாள் வீட்டில் சாப்பிட்டேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரயில்வே கூலி லைன், கூலியாட்களின் வரிசை வீடுகள், இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே போகக்கூடாது என்று அம்மா சொல்வார். பவுனம்மாளின் கணவர் அய்யாவு தண்டவாளம் போடும் வேலை. அவரையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவரும் வரவில்லை. நான் மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை என்பதைப் புகை வராததை வைத்துக் கண்டுபிடித்து பவுனம்மாள் வந்தார். "கிராணி வூட்டுப் புள்ள நம்ம வூட்ல சாப்பிடுமா?" என்று வாசலில் நின்று கேட்டார். சாப்பிட்டேன். இரண்டு வருடம். மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூன்று பங்கு இனிமேல் நாலு என்று சொல்லிவிட்டார். கிழிந்த சட்டை அவர் கணவருடையது.

நீங்கள் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். உங்களைக் கூட்டிப்போய்க் காட்டவும் இல்லை. கூலி லைனில் சாப்பிட்டு வளர்ந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டேன். மறைத்ததில் இதுவும் ஒன்று. பெரியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பவுனம்மாள் உயிரோடு இருக்கிறார் அக்கா. சுங்கை வேயில் மகள் வீட்டில். நேற்று போனேன். பதினோரு வருடம் கழித்துப் போகிறேன். கண் சரியாகத் தெரியவில்லை. என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டார். உட்கார வைத்துச் சோறு போடச் சொன்னார். அக்கா சனிக்கிழமை வருகிறாள் என்றேன்.

"எந்த அக்கா? சிலோன்ல இருந்துச்சே, பேரச் சொல்லிச் சொல்லி அழுவியே, அதுவா?"

"அதேதான்" என்றேன்.

"கூட்டியா. ஒரு வாய்ச் சோறு எம் வூட்ல சாப்பிட்டுப் போவட்டும்."

சனிக்கிழமை நாடகம் முடிந்து, ஞாயிறு காலை போவோம். நான் டாக்சி சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி
யோகன்